கொடுத்தது யார்?

2015 ஜூலை 27. ஷில்லாங்கில் பேசிக்கொண்டிருந்தபோதே அப்துல் கலாம் சரிந்து விழுந்து இறந்த இரவு. ஆங்கிலத்தில் வந்து குவிந்த கட்டுரைகளை விடிவதற்குள் தமிழில் தர வேண்டிய அவசரத்தில் இருந்தேன். ஒன்றில் தும்பா கதை வந்தது. "ராக்கெட் தளத்துக்காக பிஷப் தன் தேவாலயத்தைக் கொடுத்தார்" என்று எழுதிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விட்டேன். அந்த வாக்கியம் தவறு என்று தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா கடற்கரையை ஒட்டிச் செல்கிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் இடம் தேடி வந்தார். ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையே சுமார் 600 ஏக்கர் தேவைப்பட்டது. அதில் மீனவக் குடும்பங்களின் வீடுகள் இருந்தன. புனித மகதலா மரியாள் தேவாலயமும் இருந்தது. சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைப் போய்ப் பார்த்தார்.

பிஷப் உடனே பதில் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரச் சொன்னார் என்கிறார் கலாம். அன்று சபையின் முன் சாராபாயை நிறுத்தி, விஞ்ஞானியும் குருவும் தேடுவது மனித நன்மையைத்தான் என்று விளக்கிய பிஷப், கடவுளின் இல்லத்தை இந்தக் காரியத்துக்குத் தரலாமா என்று மக்களிடமே கேட்டார். சற்று நேர அமைதிக்குப் பின் கூட்டம் "ஆமென்" என்றது. ஜெபக்கூடம் ஆய்வுக்கூடமானது. பிஷப்பின் அறையில் வரைபடங்கள் தயாராயின. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்தன. 1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்கா தந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் தென்னைகளுக்கு மேலே எழும்பியது.

2017-ல் அந்தப் பக்கம் போயிருந்தேன். தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பார்த்துவிட்டு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பிஷப் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பிதா கேட்டார், நாங்கள் கொடுத்தோம் என்று மட்டும் திருத்தினார். ஊர் பெயர்ந்து போனபோது அவர் சிறுமியாம். ஞானஸ்நானம் பெற்ற கோயிலை விட்டுப் போக அவருடைய தாய்க்கு மனமே வரவில்லையாம்.

ஊர் திரும்பியதும் பெரைராவைப் பற்றித் தேடிப் படித்தேன். 1955-ல் துணை பிஷப் ஆனவர். அவருக்கு முன் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தின் பிஷப்பாக இருந்தவர் ஐரோப்பியர். 1966-ல் முழுப் பொறுப்பு பெரைராவிடம் வந்தது. 1978-ல் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார். ராக்கெட் கதை அவர் வாழ்க்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. மற்ற நாட்களில் அவர் கவலை வேறு. கடலில் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த மீனுக்குக் கரையில் வியாபாரியும் கடன் கொடுத்தவனும்தான் விலை வைத்தார்கள். பெரைரா தொடங்கிய சமூக சேவைச் சங்கம், தும்பாவுக்கு வடக்கே மரியநாட்டில் மீனவர்களைக் குடியமர்த்தி வேலையை ஆரம்பித்தது. அங்கே மீனவர்கள் தாங்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். அந்த வழியைப் பல கிராமங்கள் பின்பற்றின. 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானதற்கு மரியநாடு ஒரு முக்கியத் தொடக்கம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், அவர் அன்று சபையைக் கேட்டது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றவில்லை. ஆனால், பூசை நடுவே, பீடத்திலிருந்து பிஷப் கேட்கும்போது யாரால் "இல்லை" என்று சொல்ல முடியும் என்ற கேள்வியும் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அதற்கு விடை இல்லை. கேட்காமலே எடுத்துக்கொள்ளும் வழியும் அரசுக்கு இருந்தது என்பது மட்டும் தெரியும். இந்தியாவில் அணைக்கும் ஆலைக்கும் நிலம் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கிறது. 2022-ல் விழிஞ்சம் துறைமுகப் பணியால் கரை அரிக்கிறது என்று அதே மறைமாவட்டத்து மீனவர்கள் நான்கு மாதங்களுக்கு மேல் போராடியபோது, அந்த ஞாயிறு எனக்கு நினைவுக்கு வந்தது.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம் படித்தபோது ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களை உருப்போட்டிருக்கிறேன். தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. தும்பாவில் கேட்டது அரசு, விஞ்ஞானம், திருச்சபை. மூன்றும் உயர்ந்த இடங்கள். கேட்கப்பட்டவர்கள் கட்டுமரக்காரர்கள். இலக்கணப்படி அங்கே "கொடு"தான் வர வேண்டும். பெரைரா "தா" என்று கேட்க முயன்றார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பழைய கட்டுரை யாரிடமாவது கத்தரித்து வைத்ததாக இருந்தால், ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பிஷப் கேட்டார். கொடுத்தது ஊர்.