அம்மம்மா நீட்டிய செம்பு

சித்திரை விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சுன்னாகத்துக்குக் கிட்ட வீடு. நல்ல வெயில். படலையைத் திறந்து உள்ளே போய் இருந்ததும் செம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினா. நான் யோசிக்காமலே பையில் இருந்த போத்தலை எடுத்துக் காட்டி, "வேண்டாம் அம்மம்மா, என்னட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. செம்புத் தண்ணியைக் கொண்டுபோய் செவ்வரத்தைக்கு ஊற்றினா.

பிறகு வழக்கம்போலத்தான் கதைச்சா. ஆனால் நான் நின்ற மூன்று நாளும் எனக்குத் தண்ணி தரவில்லை. தேத்தண்ணி மட்டும் தந்தா.

எனக்குப் போத்தல் பழக்கம் சும்மா வந்ததில்லை. 2014, 2015 காலத்தில் எங்கட பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்ப நான் சின்னப் பிள்ளை. தண்ணிக்கு மேல் எண்ணெய்ப் படலம் மிதக்குது என்று பெரியாக்கள் கிணத்துக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தது நினைவிருக்கு. பவுசர் வரும், ஒழுங்கை முழுக்க வாளியும் கானும் வரிசையில் நிற்கும். குடிக்கலாம் என்று ஒருவர் சொல்வார், தொடவே வேண்டாம் என்று இன்னொருவர் சொல்வார். அந்தக் குழப்பத்தில்தான் அம்மா எனக்கும் தம்பிக்கும் முதல் முதலாகத் தண்ணிப் போத்தல் வாங்கித் தந்தா. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதற்குள் எங்கட வீட்டில் போத்தல் ஒரு பழக்கமாகிவிட்டது.

ஆகவே போத்தல் தண்ணி குடிக்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வேறு வழி இல்லாத நேரத்தில் அது எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அந்த அவசரம் முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் நான் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் காசு. 2025 ஏப்ரலில் இருந்து ஒரு லீற்றர் போத்தலுக்கு உச்ச விலை 100 ரூபா. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் மாதம் 3000. கம்பஸ் பிள்ளைக்கு அது சின்னக் காசா?

அடுத்தது, நான் சுத்தம் என்று நினைத்த விசயம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கடையில் வாங்கிய போத்தல் தண்ணியில் லீற்றருக்குச் சராசரியாக 240,000 பிளாஸ்ரிக் துணிக்கைகள் இருந்தன. அதில் 90 வீதமானவை நனோ அளவு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவை உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பதை இன்னும் ஆராய்கிறார்கள். உறுதியான முடிவு வரவில்லை. வெயிலும் இதில் சேரும். அந்தப் பிளாஸ்ரிக்கைச் செய்யப் பயன்படும் அன்டிமனி, சூடு கூடக் கூடத் தண்ணிக்குள் கூடுதலாக இறங்கும். சாதாரண சூட்டில் அது மிகக் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் எங்கட கடை வாசல்களில் போத்தல் கட்டுகள் எங்கே அடுக்கியிருக்கு என்று ஒருக்கால் பாருங்கோ. நடு வெயிலில்.

குடிச்சு முடிஞ்ச போத்தல் எங்கே போகுது? எங்கட வீட்டில் வேலி மூலையில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவோம். அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நாங்கள்தான். கொளுத்தாதது வாய்க்காலை அடைக்கும், மாரியில் தண்ணி தேங்கி டெங்கு நுளம்பு வளர்க்கும்.

இதெல்லாம் வாசித்த பிறகு, அம்மம்மா சரி, நான் பிழை என்று முடிவெடுத்து, கிணத்துத் தண்ணிக்குத் திரும்பலாம் என்று நினைத்தேன். திரும்ப முதல் தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். எண்ணெய் இல்லை. ஆனால் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வருடம் முழுக்க ஓடுற ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எங்கட தண்ணி. அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மழை இறங்குகிற அதே வழியால் வெங்காயத் தோட்டத்துக்குப் போடுற யூரியாவும், மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் இறங்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைகளுக்கு அது இரத்தம் ஒட்சிசன் காவுவதையே கெடுக்கும்.

அப்பதான் அந்தத் தேத்தண்ணி நினைவுக்கு வந்தது. செம்பை வேண்டாம் என்ற நான், மூன்று நாளும் அதே கிணத்துத் தண்ணியில் போட்ட தேத்தண்ணியைக் குடித்தேன். அதே தண்ணியில் அவிச்ச சோறு சாப்பிட்டேன். போத்தல் என்னை எதில் இருந்தும் காப்பாற்றவில்லை. அம்மம்மா கிணத்தை நம்பினா, நான் போத்தலை நம்பினேன். இரண்டு பேரும் கிணத்துக்கு என்ன நடக்குது என்று பார்க்கவில்லை. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரைக்கும் எங்கட குழி கிணத்தில் இருந்து எத்தனை அடி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

போத்தலில் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுவது இதுதான். வாங்கக் கூடியவனுக்கு அது ஒரு தனி வழியைக் கொடுக்குது. அவன் பிறகு கிணத்தைப் பற்றிக் கேட்கமாட்டான், குழாய் எப்ப வரும் என்று பிரதேச சபையில் போய் நிற்கமாட்டான். வாங்க ஏலாதவன் அதே தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருப்பான். 2024இல் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். எங்கட ஒழுங்கைக்கு இன்னும் குழாய் வரவில்லை. அதைக் கேட்க ஆட்கள் வேணும்.

இப்ப குடிக்கவும் சமைக்கவும் சந்தியில் உள்ள பொதுக் குழாயில் கானில் பிடிச்சு வருகிறோம். குளிக்க, துவைக்கக் கிணறு. நான் கம்பஸுக்கு எவர்சில்வர் போத்தல் கொண்டுபோகிறேன், அங்கே வடிகட்டியில் நிரப்புவேன். மறந்துபோய் வெறுங்கையோடு போகிற நாளில் கடைப் போத்தல் வாங்குவதும் உண்டு.

போன கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மம்மா திரும்பவும் செம்பைக் கொண்டுவந்தா. நான் கையை நீட்ட முதலே, "குழாய்த் தண்ணிதான், கொப்பர் பிடிச்சு வந்தவர்" என்றா. வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் குளோரின் மணம் இருந்தது.

"எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி ருசி இல்லை, என்ன?" என்று கேட்டா.

இல்லைத்தான்.