நீரிலிருந்து மோட்டருக்கு

மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரி வாழ்வின் பழைய நினைவுகளையே எம்மிடமிருந்து எதிர்பார்த்திருப்பர். அத்துறையில் எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். ஆதலின், சென்ற ஆண்டில் எம் மாலைப்பொழுதுகளிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்ட ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தோம். அது எழுபது சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு வானொலிப் படகு. இன்னும் திருத்தமாகச் சொல்வதாயின், அப்படகுக்கு ஏற்ற தூரிகையற்ற மோட்டரையும் வேகக் கட்டுப்படுத்தியையும் தெரிந்தெடுத்த வரலாறு.

படகு எம்முடையதன்று. எம் மகளின் மைந்தன், எமது கல்லூரியிலேயே உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்பவன், கண்ணாடியிழை கொண்டு அதன் உடலை அமைத்தான். இரண்டாண்டுக் காலமாகப் பிறந்தநாட் காசும் பரிசுக் காசும் சேர்த்து வைத்திருந்தான். 2022ஆம் ஆண்டு எம் நாட்டு நாணயத்தின் பெறுமதி வீழ்ந்தபின் இத்தகைய பொருள்கள் எளிதில் எட்டாத விலைக்கு ஏறிவிட்டன. ஒரு மோட்டர், ஒரு கட்டுப்படுத்தி, ஒரு பற்றரி ஆகியவற்றை ஒரேயொரு முறை வாங்க அக்காசு போதும். எரிந்துபோயின் மறுமுறை இல்லை. எம் ஓய்வூதியத்திலிருந்து சிறிது தருவதாகச் சொன்னோம், அவன் இசையவில்லை. அந்தப் பிடிவாதம் எமக்கு உள்ளூர மகிழ்ச்சியையே தந்தது.

வானொலிப் படகு நேற்று வந்த விளையாட்டு என எண்ணுவோர் உளர். நிக்கொலா தெஸ்லா 1898ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரில் மடிசன் ஸ்குவெயர் கார்டன் மண்டபத்து நீர்த்தொட்டியில் அத்தகைய படகொன்றை ஓட்டிக் காட்டினார்; அவ்வாண்டு நவம்பரில் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். அவர் காலத்துக்குப் பின் வானொலியும் மாறிற்று, காந்தமும் மாறிற்று, மாறாதிருப்பது தண்ணீர் ஒன்றே. இக்கட்டுரையிற் சொல்லவிருப்பதெல்லாம் அத்தண்ணீரைப் பற்றியதுதான்.

எம் மாணாக்கப் பருவத்தில் ஆய்வுகூடத்து மேசையிலே கண்ட மோட்டர் இன்னும் கண்முன் நிற்கின்றது. நடுவிலே சுருள், இருபுறமும் காந்த முனைகள், அச்சிலே பிளந்த வளையமாகிய திசைமாற்றி, அதனை உரசிநிற்கும் இரு கரித்துண்டுகள். கரித்துண்டுக்குத் தூரிகை என்னும் பெயர் எப்படி வந்தது என ஒருவன் வினவ, ஆதியில் அவை செப்புக் கம்பிக் கற்றைகளாக இருந்தமையால் வந்தது என ஆசிரியர் விடை பகர்ந்தார். அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தைத் திருப்பிவிடுவது அந்த வளையத்தின் தொழில். பொறியும் தேய்வும் அதன் குறைகள். தூரிகையற்ற மோட்டரில் இவ்வமைப்பு உட்புறம் வெளிப்புறமாக மாற்றப்பட்டுள்ளது. காந்தம் சுழல்கின்றது, சுருள்கள் அசையாது நிற்கின்றன. திசைமாற்றும் தொழிலைக் கட்டுப்படுத்தியினுள்ளே மூன்று இணைகளாக அமைந்த திரான்சிற்றர்கள் ஏற்றுக்கொள்கின்றன. வில்சன், திரிக்கி என்னும் இருவர் இம்முறையை 1962ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கினர். ஆயினும், 1980களிலே நியோடிமியக் காந்தம் வந்த பின்னரே இத்துணைச் சிறிய உடலில் இத்துணை வலிமை அடங்கலாயிற்று. கட்டுப்படுத்தி இல்லாவிடின் இம்மோட்டர் வெறும் இரும்பும் செம்புமே. ஆதலின் இரண்டையும் ஒருசேரத் தெரிதல் வேண்டும்.

பேரன் ஒரு நாள் விலைப்பட்டியலோடு வந்தான். 36 மில்லிமீற்றர் விட்டமும் 60 மில்லிமீற்றர் நீளமும் உள்ள ஒரே உடலில் இரு மோட்டர்கள். ஒன்றின்மேல் 2000 கே.வி. எனவும், மற்றதன்மேல் 3200 கே.வி. எனவும் பொறித்திருந்தது. மின்சாரப் பகுதியில் உத்தியோகம் பார்த்த எமக்குக் கே.வி. என்றால் 33,000 உவோற்றுக் கம்பிவழிதான் நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள் வேறு. சுமையின்றி ஓடுகையில் ஓர் உவோற்றுக்கு நிமிடத்திலே எத்தனை சுற்று என்பதே அவ்வெண்.

"அம்மப்பா, 3200 தானே கூட வேகம்? கடைக்காரரும் அதைத்தான் எடுக்கச் சொல்லுகிறார்" என்றான்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் விற்பது மோட்டர், தண்ணீர் அன்று. யாம் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அவன் வாங்கியிருந்த விசிறியை எடுத்து வரச் சொன்னோம். புரொப்பெல்லர் என எல்லாரும் சொல்லும் அவ்விசிறியின் விட்டம் 40 மில்லிமீற்றர். ஒரு சுற்றிலே வழுக்காது செல்லுமாயின் அது முன்னேறும் தூரம் 56 மில்லிமீற்றர். பற்றரி நான்கு கலங்கள் கொண்டது, கலமொன்றுக்கு 3.7 உவோற்றாக 14.8 உவோற்று. 2000 கே.வி. மோட்டர் சுமையின்றி 29,600 சுற்றுச் சுழலும். நீரின் சுமையோடு அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறக்குறைய 24,000. அதனை 56 மில்லிமீற்றராற் பெருக்கினால் மணிக்கு 80 கிலோமீற்றர். வழுக்கலுக்குக் காற்பங்கைக் கழித்தாலும் 60 எஞ்சும். ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள ஒரு பொருள் நீர்மேல் அவ்வேகத்திற் செல்வது விளையாட்டன்று. குளிப்போர் நிற்கும் இடத்திலே அதனை ஓட்டலாகாது.

இனி 3200. அது 2000இன் 1.6 மடங்கு. நீரைத் தள்ளும் விசிறிக்கு வேண்டிய முறுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடும், வலு வேகத்தின் கனத்தோடும் ஏறும். 1.6ஐ மூன்று முறை பெருக்கிப் பார்க்குமாறு பேரனிடம் சொன்னோம். 4.096 என்றான். அதாவது, முன்னைய மோட்டர் 900 உவாற்று இழுக்குமிடத்தில் இது 3,600க்கு மேல் இழுக்க முயலும். கைக்குள் அடங்கும் அச்சிறு உருளையால் அது இயலாது. வேகத்தை எட்டுமுன்னரே சூடேறி, காந்தம் வலிவிழக்க, சுருளின் காப்புக் கருகும். தரையில் ஓடும் விளையாட்டுக் காருக்கு இவ்விடர் குறைவு. வேகம் பிடித்தபின் அதன் மோட்டர் சிறிது இளைப்பாறும். படகின் மோட்டருக்கு இளைப்பாறல் இல்லை. கைப்பிடியை விடும்வரை தண்ணீர் அதனைப் பிடித்துக்கொண்டேயிருக்கும்.

"அப்படியானால் 3200 எதற்குச் செய்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல வினா. இரு கலப் பற்றரிக்கும் சிறு விசிறிக்கும் அது பொருந்தும். ஒரே உடலிற் சுருளின் சுற்றைக் குறைத்துக் கம்பியைத் தடிப்பாக்கினால் கே.வி. கூடும். ஒரே முறுக்கத்தைத் தர மின்னோட்டமும் அவ்வளவு மடங்கு கூடும். மோட்டரின் தடித்த கம்பி அதனைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் கட்டுப்படுத்தியும், இணைப்பும், பற்றரியும் அம்மிகை மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டும். அதனால், கூடிய உவோற்றும் குறைந்த கே.வி.யும் என்பதே எம் தீர்ப்பு. கம்பிவழி மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்புவதன் காரணமும் இதற்கு மிக அயலானதன்று.

வெளியுடல் சுழலும் மோட்டர் வகையும் உண்டு. முறுக்கம் மிகுந்தது, இழுவைப் படகு போன்ற மெதுவான மாதிரிகளுக்கு உகந்தது. ஆயினும், சுழலும் உடலுக்குத் தண்ணீர்ச் சட்டை அணிவிக்க முடியாது. உட்காந்தம் சுழல்வதையே கொண்டோம்.

கட்டுப்படுத்தியைத் தெரிதல் அதன்பின் எளிதாயிற்று. 900ஐ 14.8 ஆற் பிரித்தால் 61 அம்பியர். மேலட்டையில் எழுதிய எண்ணை வேதவாக்காகக் கொள்ளாது, ஏறத்தாழ இரட்டிப்பாக 120 அம்பியர்க் கட்டுப்படுத்தியைக் கொண்டோம். விமானத்துக்குரியது மலிவு, ஆனால் பெரும்பாலும் பின்னோட்டம் இல்லை. காருக்குரியதில் பின்னோட்டம் உண்டு, நீர்க்குளிர்ச்சி இல்லை. படகுக்கென்றே செய்தவற்றுட் பலவற்றில் இரண்டும் உண்டு. பின்னோட்டம் ஆடம்பரம் அன்று என்பதைச் சாதாளை படர்ந்த எம் கடல்நீரேரியைக் கண்டவர் அறிவர். வாங்குகிற தியதிகளில், சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டருக்கும் வானொலி வாங்கிக்கும் வேண்டிய மின்னைக் கட்டுப்படுத்தியே தருமா என்பதையும் கேட்டறிதல் நன்று.

இணைக்கும்போது மூன்று செய்திகளைப் பேரன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். மோட்டருக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் எவ்விரண்டை மாற்றினாலும் சுழற்சி மாறுமேயன்றிக் கேடில்லை. பற்றரியின் இரு கம்பிகளை மாற்றினாலோ கட்டுப்படுத்தி அக்கணமே மாளும். பற்றரிப் பக்கத்துக் கம்பியை நீட்டலாகாது; நீட்டினால் அழுத்தம் துள்ளி உள்ளேயுள்ள மின்கொள்ளளவிகளை வாட்டும்; நீளம் வேண்டுமாயின் மோட்டர்ப் பக்கத்தில் நீட்டுக. மின்னேற்றுங்கால் பற்றரியைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்பதை அவன் எழுதவில்லை. அவன் தாயார் அதனைத் தினமும் நினைவூட்டினார்.

ஒரு மாலை தொண்டைமானாற்றுக் கரைக்குச் சென்றோம். கூப்பிடு தூரத்திலே வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக்கையும் கடந்து 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலைப் பேரனுக்குச் சொன்னோம்; அவன் செவி மின்னோட்டமானியிலேயே இருந்தது. முதலில் 36 மில்லிமீற்றர் விசிறி. புறப்படுகையிற் படகு ஒருமுறை திக்கித் தடுமாறிற்று. நிற்கும் மோட்டரிலே எதிர்மின்னழுத்தம் எழாமையால், காந்தம் எத்திசை நோக்கி நிற்கின்றது என்பது கட்டுப்படுத்திக்குத் தெரியாது; சுழலத் தொடங்கிய பின்னரே தெரியும். பிறகு நேரே சென்றது. பக்கத்துளையால் நீர் இடையறாது பீச்சிற்று. குளிர்ச்சி ஓடுகின்றது என்பதற்கு அதுவே சான்று. உச்சத்தில் 44 அம்பியர். இரண்டு நிமிடத்தின் பின் மோட்டரைத் தொட்டால் இளஞ்சூடு. 40 மில்லிமீற்றர் விசிறியை மாட்டினான், 66 அம்பியர். விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் வலு ஏறும் என்பது விதி. சுற்று சிறிது குறைந்தமையால் அவ்வளவிற்கு ஏறவில்லை. அம்மோட்டமும் அவ்வளவே: முழுவேகத்தில் நான்கு நிமிடத்துக்குள் 5,000 மில்லியம்பியர்மணிப் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கு தீர்ந்துவிடும்.

மூன்றாம் ஓட்டத்தில், கரையிலிருந்து அறுபது யார் அப்பால் படகு சட்டென நின்றது. விசிறியிற் சாதாளை. பேரன் முகம் வெளிறிற்று. இரண்டாண்டுக் காசு அங்கே மிதந்தது. நின்றுபோன மோட்டரை முன்னோக்கி வருத்தாது கைப்பிடியை நடுவில் விட்டு, பின்னோட்டத்தை இருமுறை மெல்லக் கொடுத்தான். சாதாளை கழன்று மிதந்தது. படகு மெதுவாகக் கரை சேர்ந்தது. கட்டுப்படுத்தியைத் தொட்டுப் பார்த்தோம். கை பொறுக்கக்கூடிய சூடே இருந்தது.

வீட்டிலே நன்னீரைக் குளிர்ச்சிக் குழாயினூடு ஊற்றி உப்பைக் கழுவினான். பின்னர் 42 மில்லிமீற்றர் விசிறி வாங்கினால் என்ன என்று கேட்டுவிட்டு, எம் விடைக்குக் காத்திராமல் தானே குறிப்பேட்டில் 1.05இன் ஐந்தாம் அடுக்கைக் கணித்தான். 84 அம்பியர் என வந்தது. "கட்டுப்படுத்தி தாங்கும், அம்மப்பா; மோட்டர்தான் தாங்காது" என்று சொல்லி, அவ்வெண்ணின் கீழ் ஒரு கோடிட்டு மூடிவைத்தான்.