பலாலி எவ்வளவு தூரம்?

திருநகரில் வாழும் நமக்கு மதுரை விமான நிலையம் அண்மையிலேயே உள்ளது. அதன் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. அங்கிருந்து கிழக்கு நோக்கி எழும் விமானமொன்று, வலமோ இடமோ திரும்பாது சென்றுகொண்டே இருந்தால் எங்குப் போய்ச் சேரும்? வரைபடத்தை விரித்தால் விடை கிடைக்கும். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கே போய்ச் சேரும்.

மதுரை நிலையம் வட அட்சம் 9.83 பாகையிலும், பலாலி 9.79 பாகையிலும் உள்ளன. இடைத்தூரம் ஏறத்தாழ 217 கிலோமீட்டர். தொண்டிக் கடற்கரையோடு ஏறக்குறையப் பாதி வழி முடிந்துவிடும். எஞ்சியதில் பெரும்பகுதி பாக்கு நீரிணை. சென்னையோ வான்வழியில் 415 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆக, நம் மாநிலத் தலைநகரைக் காட்டிலும் யாழ்ப்பாணமே நமக்கு அருகில் உள்ளது!

பறக்கும் நேரம் எவ்வளவு? மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானத்துக்கு 26 நிமிடமே போதும் என்று கணக்குச் சொல்லும். ஆயினும், தரையில் ஊர்ந்து செல்லவும், உயரம் ஏறவும், பின் இறங்கவும் ஆகும் நேரம் தூரம் குறைந்தாலும் அதிகம் குறைவதில்லை. சென்னையிலிருந்து பலாலி 355 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. திருச்சியிலிருந்து 185 கிலோமீட்டர்தான். அதற்கும் சற்றேறக்குறைய ஒரு மணி ஆகிறது. மதுரையிலிருந்து நேர்விமானம் இருக்குமாயின், அதுவும் ஒரு மணி அளவிலேயே அமையும்.

அத்தகைய விமானம் இல்லை என்பதே குறை. பேருந்தில் 135 கிலோமீட்டர் திருச்சிக்குச் சென்று, 2025 மார்ச்சில் தொடங்கிய பலாலி விமானத்தைப் பிடிக்கலாம். மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012இல் விமானம் வந்தது. ஆனால் கொழும்பில் இறங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழி காத்திருக்கும்.

இவ்வழி புதியதன்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை நிலையம் என்று அன்று வழங்கியது இந்தப் பலாலியே. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் வந்த போர் கடல்வழி, வான்வழி இரண்டையும் அடைத்தது. பலாலி 2019 அக்டோபர் 17ஆம் நாள் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. 2020இல் கொள்ளைநோயால் நின்ற அது, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

கிலோமீட்டரும் மணியும் மட்டுமே தூரத்துக்கு அளவாகா. திருமங்கலம் அருகே உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இத்தகைய முகாம்களில் பிறந்து, இங்கேயே பள்ளி சென்று, இங்கேயே மணம் முடித்தும் எந்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாதோர் பலர். அக்கரையில் பாட்டி இறந்த செய்தி தொலைபேசியில் நொடியில் வந்துவிடும். பேரனால் அடக்கத்துக்குப் போக இயலாது. அவனுக்குத் தூரம் கடலில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பூகோளப் பாடத்தில் இலங்கையை வரையும்போது இந்த 217 கிலோமீட்டரையும் அளந்து காட்டுவோம். அண்டை ஊர் முகாமில் வாழ்வோர் தங்கள் குடியுரிமை விண்ணப்பங்களை எழுதத் துணை தேடினால், படித்த நம் இளைஞர் ஓர் ஞாயிறு மாலையை அவர்களுக்குத் தரட்டும். விமானத்தை நம்மால் விட முடியாது. விண்ணப்பம் எழுதித் தர முடியும்.