ஒரு சென்ட்

வர்ஜீனியா மாநிலம், லவுடன் கவுன்ட்டி. கவுன்ட்டியின் தலைமையிடமான லீஸ்பர்க்கில், அரசு மையத்தின் கூட்ட அறை. பிப்ரவரி கடைசி, குளிர் இன்னும் விடவில்லை. கழற்றிய கம்பளிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு சனம் உட்கார்ந்திருக்கிறது. எதிரே உயரமான மேசைக்குப் பின்னால் ஒன்பது பேர், மேற்பார்வையாளர் குழு. வீட்டு வரி எவ்வளவு என்று தீர்மானிப்பவர்கள் இவர்கள்தான். ஜூலையில் தொடங்கும் நிதியாண்டுக்கான பட்ஜெட்டைப் பற்றி மக்கள் சொல்வதைக் கேட்க வந்திருக்கிறார்கள். கேட்க மட்டும்தான், இன்று பதில் கிடையாது.

பெயரைக் கூப்பிட்டால் மைக்குக்கு வர வேண்டும். நேரம் கறார். மூன்று பக்கம் எழுதி வந்தவர் ஒன்றேகால் பக்கத்தில் நிறுத்தப்படுகிறார். நல்ல பேச்சு என்று நினைத்து வைத்தது எப்போதும் மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கும் போலிருக்கிறது. தாளை மடிக்கிற முகத்தில் அது தெரிகிறது.

முதலில் சிவப்புச் சட்டைகள். ஆசிரியர்கள். சம்பளம் போதவில்லை, பாடம் நடத்தும் ஊரில் வீடு வாங்க முடியவில்லை என்கிறார்கள். பின்வரிசையில் கைதட்டல். அடுத்து ஒரு பெரியவர். பிள்ளைகள் படித்து முடித்து எங்கோ போய்விட்டார்கள். ஓய்வூதியம் ஏறவில்லை, வரி ஏறுகிறது, இன்னும் எத்தனை பள்ளி கட்டுவீர்கள் என்று கேட்கிறார். அவருக்கும் கைதட்டல் உண்டு, வேறு மூலையிலிருந்து.

மேடையில் ஒருவர் தண்ணீர் குடிக்கிறார்.

பெரியவர் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2011-இல் இங்கே நூறு டாலர் சொத்து மதிப்புக்கு வரி 1.285 டாலர். 2025-இல் அது 0.805. வீதம் சரசரவென இறங்கியிருக்கிறது. மேடையில் இருப்பவர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம், பொய்யில்லை. ஆனால் 2011-இல் நாலரை லட்சம் டாலர் மதிப்பிட்ட வீடு 2025-இல் எட்டு லட்சம் என்றால், அன்று சுமார் 5,780 டாலர் கட்டியவர் 2025-இல் 6,440 கட்டியிருப்பார். இவர் பில்லைக் காட்டுகிறார், அவர்கள் வீதத்தைக் காட்டுகிறார்கள். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். அதனால்தான் இந்தச் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது.

எல்லாப் பேச்சும் ஒரு சென்ட்டில் வந்து நிற்கிறது. வீதத்தில் ஒரு சென்ட் கூட்டினால் எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு எண்பது டாலர். எண்பது டாலருக்கா இத்தனை ஆவேசம் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் கவுன்ட்டி முழுக்க அது எத்தனையோ ஆசிரியர்களின் சம்பளம்.

அடுத்து ஒரு தாய். மகன் படிக்கும் பள்ளியில் இடமில்லை, பக்கத்தில் நிறுத்திய டிரெய்லரில் வகுப்பு நடக்கிறது, மழையில் நனைந்துகொண்டே கழிப்பறைக்கு ஓடுகிறான் என்கிறார். நியாயம். ஆனால் அவர் முறையிட வேண்டிய இடத்தில் பாதி இங்கே இல்லை. பள்ளிகளை நடத்துவது தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியம். வர்ஜீனியாவில் அந்த வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கை நீட்டித்தான் வாங்க வேண்டும். பணம் தருகிற மேற்பார்வையாளர் குழுவுக்கோ, அதை எந்தப் பள்ளியில் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் அதிகாரம் இல்லை. கொத்துச் சாவி ஒரு மருமகளிடம், பெட்டி இன்னொரு மருமகளிடம் இருக்கிற கூட்டுக் குடும்பம். அந்தத் தாய் அடுத்த முறை வாரியத்திடம் போவார். அவர்கள் வருத்தத்தோடு இங்கே கை காட்டுவார்கள்.

1990-இல் இந்தக் கவுன்ட்டியில் 86 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். பால் பண்ணைகளும் குதிரைப் பண்ணைகளும் இருந்த இடத்தில் ஆஷ்பர்ன், பிராம்பிள்டன் என்று வீட்டு வரிசைகள் எழுந்தன. கிழக்கே பள்ளி போதவில்லை. மேற்கே மலையடிவாரக் கிராமங்களில் பள்ளிக்குப் பிள்ளைகள் போதவில்லை. சின்னப் பள்ளிகளை மூடினால் மிச்சமாகும் என்று பட்ஜெட் பருவத்தில் பேச்சு கிளம்பும். ஊரே திரண்டு இந்த அறைக்கு வரும். அப்படித்தான் மிடில்பர்க் பள்ளி 2014-இலும் ஹில்ஸ்பரோ பள்ளி 2016-இலும் பெற்றோர் முயற்சியில், அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் சார்ட்டர் பள்ளிகளாக மாறிப் பிழைத்தன.

இன்று பேச வராத ஒருவரைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. ஆஷ்பர்னில் சன்னலே இல்லாமல் நிற்கும் டேட்டா சென்டர்கள். உள்ளே இருக்கும் கணினிகளுக்குத் தனி வரி. நூறு டாலருக்கு நாலு டாலருக்கு மேல். சொத்து வரி வருவாயில் பாதியை நெருங்குகிற தொகை அங்கிருந்து வருகிறது. பள்ளிக்கு அனுப்பப் பிள்ளை இல்லாத வரிதாரர். எந்தக் கவுன்ட்டிக்குக் கிடைக்கும்? ஆனால் அதே சென்டர்களுக்காக நிலம் ஏக்கர் பல மில்லியன் டாலருக்குப் போகிறது. பள்ளி கட்ட இடம் தேடுபவர்கள் அந்த விலையோடு மல்லுக்கட்ட வேண்டும். கணினியின் மதிப்பும் வருடாவருடம் தேய்கிறது. 2021 நிதியாண்டில் எதிர்பார்த்த வரி சுமார் ஆறு கோடி டாலர் குறைந்து, பட்ஜெட் போட்டவர்கள் திகைத்தார்கள்.

அரசு மையத்துக்குக் கிழக்கே, இதே ஊரில், மார்க்கெட் தெருவில் ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்காத காலத்தில் உயர்நிலைப் படிப்புக்கு அவர்களுக்கென்று இருந்தது யூனியன் தெருவின் பழைய மரக் கட்டடம்தான். பெற்றோர் கூடினார்கள். கோழிக்கறி விருந்து, பஜனை மாதிரிப் பாட்டுக் கச்சேரி, என்னென்னவோ நடத்திக் காசு சேர்த்திருப்பார்கள் என்று என் ஊகம், சேர்த்தது ஊகமில்லை. சுமார் நாலாயிரம் டாலருக்கு எட்டு ஏக்கர் வாங்கி, 1940-இல் ஒரே ஒரு டாலருக்குக் கவுன்ட்டியிடம் கொடுத்தார்கள், பள்ளி கட்டித் தாருங்கள் என்று. சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற பெரிய வழக்கறிஞரையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். 1941-இல் பள்ளி திறந்தது. வரியும் கட்டி, நிலத்தையும் கொடுத்தவர்கள். வரியை மட்டும் பற்றி இங்கே இரண்டு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கையில் அந்த ஒரு டாலர் நினைவில் உறுத்துகிறது.

கடைசிப் பெயர்களில் ஒன்று நம்மவருடையது. கூப்பிடுகிற அதிகாரி இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பிராம்பிள்டன் பக்கத்து மனிதர், மென்பொருள் வேலை, கழுத்தில் அலுவலக அட்டை இன்னும் தொங்குகிறது. பேச்சுக்கு வேண்டிய எண்களைச் சரியாகச் சொல்கிறார். மேடையில் ஒருவர் முதல் முறையாகக் குறிப்பெடுக்கிறார். பள்ளி எல்லையை மாற்றி மாற்றி வரையாமல் புதுப் பள்ளி ஒன்றைச் சீக்கிரம் கட்டுங்கள் என்று கேட்டு, நன்றி சொல்லி, நேரம் முடியுமுன்பே போய் உட்காருகிறார். இந்த அறையில் யாரும் செய்யாத காரியம்.

ஏப்ரலில் பட்ஜெட் நிறைவேறும். கட்டடத்துக்கான கடன் தனி. அதை நவம்பர் வாக்குச்சீட்டில் மக்களிடமே கேட்பார்கள், ஆம் அல்லது இல்லை. பெரும்பாலும் ஆம்தான், அதுவும் நல்ல வித்தியாசத்தில். ஒரு சென்ட்டுக்கு மைக்கைப் பிடித்து உலுக்கிய ஊர் கோடிக்கணக்கான டாலர் கடனுக்குத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கடன் பல ஆண்டுகளுக்குப் பிரிந்து போவதால் யார் பில்லிலும் தனியாகத் தெரியாது.

பிராம்பிள்டன்காரர் அன்று வாக்களிக்க மாட்டார். வேலை விசாவில் இருக்கிறவர், குடியுரிமைக்கு முன்னால் நிற்க வேண்டிய கிரீன் கார்டு வரிசையில் அவர் முறை எப்போது வருமோ. வரி ஜூன் 5-க்குள் பாதி, டிசம்பர் 5-க்குள் மீதி. அதில் அவருக்கு விலக்கு எதுவும் இல்லை.