பழைய நம்பர்



ஒரு சேதி. நம் வீட்டு லேண்ட்லைன் நம்பர் போன மாதத்தோடு போய்விட்டது. உங்களில் பலர் ஆட்டோகிராப் நோட்டில் எழுதி வாங்கிப் போன நம்பர்தான். ரிசல்ட் வந்த அன்று ஒரு ரூபாய்க் காசு போட்டு "டீச்சர், பாஸாயிட்டேன்" என்று கத்தினீர்களே, அதே நம்பர்.

1996-இல் மன்னார்குடி வீட்டுக்கு அந்த போன் வந்தது. பதிந்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து வாங்கியது. வந்த அன்று எங்கள் வீட்டுக்காரர் போனுக்குப் பொட்டு வைத்துப் பூ சாத்தினார்.

இரண்டு வருஷமாக அது சரியாக இல்லை. தெருவைத் தோண்டும்போதெல்லாம் கம்பி அறுந்தது. ஒட்டினால் கரகர சத்தம், மழை பெய்தால் அதுவும் இல்லை. சென்னையில் இருக்கும் மகன், "அம்மா, கேபிள்காரர்கிட்டயே இன்டர்நெட்டும் போனும் சேர்த்து வாங்கிடுங்க" என்றான்.

கேபிள்காரர் வேறு யாருமில்லை, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். மெல்லிய கறுப்பு ஒயரை இழுத்து வந்து ஒரு பெட்டியை மாட்டினான். "கரண்ட் போனா போன் வேலை செய்யுமாடா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "செய்யாது டீச்சர்."

காரணம் எளிது. பழைய செம்புக் கம்பியிலேயே எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வந்துவிடும். நம் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். புதியதில் கண்ணாடி இழை வழியாக ஒளிதான் வருகிறது. அதைப் பேச்சாக மாற்றும் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது செல்போன் டவரெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் வீட்டு லேண்ட்லைன் மட்டும் பிழைத்தது. தெருவே வந்து பேசிவிட்டுப் போனது. அதை நினைத்து, அந்தப் பெட்டிக்கென்று ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். சில மணி நேரம் தாங்கும்.

"நம்பரும் மாறும் டீச்சர். கம்பெனி மாறினாலும் அதே நம்பர் வர்ற வசதி செல்போனுக்குத்தான்" என்றான். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் யார் லேண்ட்லைனில் கூப்பிடுகிறார்கள்? எழுதிக் கொடுத்து, பழைய போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காவை மறந்துபோனேன்.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு 78 வயது. இரண்டு வருஷமாக ஞாபகம் தட்டுகிறது. மருமகள் பெயரே சில நாள் வருவதில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றியதும், கோடு சேர்த்துப் பதினோரு இலக்கத்தையும் பார்க்காமல் அழுத்தி என்னைக் கூப்பிடுவாள். "சாப்பிட்டியாடி?" அவ்வளவுதான் பேச்சு.

நான்காம் நாள் அவள் மகள் பேசினாள். "சித்தி, அம்மா மூணு நாளா அழுதுட்டே இருக்காங்க. தங்கச்சி வீட்டை விட்டு எங்கேயோ போயிட்டான்னு சொல்றாங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். என்னைப் பார்த்ததும், "எங்கேடி போனே?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். புதிய நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். சின்ன வயதில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். நான் சொன்னால் சொல்கிறாள். போனைக் கையில் கொடுத்தால் விரல் பழைய நம்பருக்கே போகிறது. முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவள், அன்று விட்டுவிட்டேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். லேண்ட்லைனை மாற்றுவதில் தவறில்லை. என் புது போன் நன்றாகவே கேட்கிறது. ஆனால் எழுதிக் கொடுப்பதற்கு முன், அந்த நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கும் வயதானவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒருவர் இருந்தாலும், சில மாதம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது தினமும் ஐந்து ஐம்பதுக்கு நானே கூப்பிட்டுவிடுகிறேன். அவள் விளக்கேற்றிவிட்டுப் போன் பக்கம் போவதற்குள் மணி அடித்துவிட வேண்டும்.

புதிய நம்பர் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். ஆறு மணி வாக்கில் மட்டும் கூப்பிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்