கேட்கப்படாத தடை

காஞ்சிபுரத்துத் தறிவீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கக் கண்டிருக்கிறோம். வாசித்து முடித்ததும் கைதட்டல், சான்றிதழ். கேள்வி கேட்பார் அரிது.

இந்நகரோ வாதத்திற்குப் பேர்பெற்றது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் இளமையில் கற்க வந்தது இங்கிருந்த கடிகைக்கே எனத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறும். மணிமேகலை அறவண அடிகளிடம் அளவை நூல் கேட்டதும் காஞ்சியில்தான்.

நம் திருச்சபை மரபும் வேறன்று. 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அவையோர் தடை எழுப்ப, இளநிலை மாணவர் எழுந்து விடை பகர்வார். அதன்பின்னரே ஆசிரியர் முடிவுரைப்பார். புனித தோமா அக்குவினா தம் இறையியல் பெருநூலில் எதிர்வாதங்களையே முதலில் நிறுத்துகிறார். அவற்றுட் சில விடையினும் கூர்மையானவை எனக் குருமடத்திலேயே நமக்குத் தோன்றியதுண்டு.

அண்மையில் ஒரு மாணவி கோர்வைச் சேலை பற்றி வாசித்தாள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஒரு கரைக்கு நாடா எறிய நெசவாளருக்குத் துணையாள் வேண்டும். முன்பெல்லாம் துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. பிள்ளை படிக்கச் சென்றது நியாயம். தறியோரம் ஆளற்றுப் போனதும் உண்மை. கட்டுரையில் இந்தத் தடை இல்லை. அதை எழுப்பத்தக்கவர், அவள் தந்தை, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கியை அவரிடம் எவரும் நீட்டவில்லை.