ஃபேனை நிறுத்தினால்தான் பாட்டு

வேளச்சேரியில் வீட்டுக்குள் ராக் பாட்டு பதிவு செய்பவர்கள் முதலில் கைவைப்பது கிதாரில் அல்ல, ஃபேன் ஸ்விட்சில்.

விஜயநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், மூன்றாவது மாடியில், பத்துக்குப் பத்து அறை. கிதார் வாசிக்கும் இளைஞர் பகலில் ஓ.எம்.ஆர். கம்பெனியொன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறார். நான் போனபோது ஸ்பீக்கரில் விடாமல் ஒரு ரீங்காரம். "மச்சான், ஃபேன்" என்றார். டிரம்மர் எழுந்துபோய் அணைத்தார். ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. "ரெகுலேட்டர் சார். ரெண்டு நம்பர்ல வச்சா அது தனியா ஒரு டிராக் பாடும்."

அவர் சொன்னது வெறும் வேடிக்கை அல்ல. எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதுதான் கிதாரின் குரல். ஆனால் சுருளுக்குத் தந்தி எது, வீட்டு வயரிங் எது என்ற பேதம் தெரியாது. சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அந்த மின்சாரத்தை ஒவ்வோர் அரைச் சுற்றிலும் வெட்டி விடுவதால் இரைச்சல் இன்னும் கூர்மையாகிறது. சிலவகை இன்வெர்ட்டர்கள் இதைவிட மோசம்.

இதற்கு மருந்து 1955லேயே வந்துவிட்டது. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை இரைச்சலாலேயே அடித்தார். ஹம்பக்கர் என்று பெயர். ஆனாலும் நம் ஆளுக்கு ஒற்றைச் சுருளின் கணீர் ஓசைதான் வேண்டும். 1954இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வார்ப்பில் செய்த மலிவு விலைக் கிதார் அது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டைப் பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் மிகக் குறைவு. ஒரு மணி நேரம் நாற்காலியைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடித்த திசையாம்.

மேசையில் இருப்பவை அதிகமில்லை: இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஹெட்ஃபோன், ஷூர் எஸ்.எம்.57 மைக். இந்த மைக் 1965 முதல் சந்தையில் இருக்கிறது. பக்கத்தில் பெட்டிக்குள் தூங்கும் கண்டென்சர் மைக் இதைவிட நுணுக்கமானது, 48 வோல்ட் கொடுத்தால் ஊசி விழுவதும் கேட்கும். அதுதான் தொல்லையே. வேளச்சேரியில் அது பறக்கும் ரயிலையும், மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தையும், கீழ்வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்தே கேட்கிறது. எஸ்.எம்.57 தனக்கு நேர் எதிரே, கிட்டத்தில் இருப்பதை மட்டும் கவனிக்கும். இந்த ஊருக்கு அந்த மந்தம் ஒரு வரம்.

சுவரில் முட்டை அட்டை இல்லை. நல்ல காரியம். உயர்ந்த ஓசைகளில் கொஞ்சத்தை உறிஞ்சுவதைத் தவிர அதனால் பயனில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தை அது துளியும் தடுக்காது. பதிலுக்கு மூலைகளில் ராக்வூல் அடைத்துத் துணி சுற்றிய பலகைகள். அங்கேதான் பேஸ் ஓசை தேங்கும். கணக்கும் எளிது: பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஓசை அறைக்குள்ளேயே மோதிப் பெருகும். பேஸ் கிதாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதனால் அந்த ஒரு சுரம் மட்டும் குடம்போல் முழங்குகிறது. பாட்டை மிக்ஸ் செய்யும்போது ஸ்பீக்கரை நம்பாமல் ஹெட்ஃபோனில் சரிபார்க்கிறார்கள்.

டிரம்ஸுக்கு இங்கே இடமில்லை. எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கிப் பார்த்தார்கள். காதுக்குச் சத்தமில்லை, கால் பெடலின் இடி மட்டும் தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கியது. இப்போது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் அறைக்குப் போய் டிரம்ஸை மட்டும் பதிந்துகொண்டு வருகிறார்கள்.

வீட்டு ஸ்டூடியோ சென்னைக்குப் புதிதல்ல. நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் வாசித்த ஏ.ஆர். ரஹ்மான், 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். கடல் கடந்தால், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 'நெப்ராஸ்கா' ஆல்பம் டியாக் நிறுவனத்தின் நான்கு டிராக் கேசட் கருவியில் வீட்டில் பதிந்தது. பெரிய ஸ்டூடியோவில் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கேசட்டையே வெளியிட்டார்கள். ராக் குழுக்களும் சென்னைக்குப் புதிதல்ல. ஜங்க்யார்ட் குரூவ், ஸ்க்ராட், தி எஃப்16ஸ் போன்றவை ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கின. டென்மா வழிநடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது எலெக்ட்ரிக் கிதாருக்குப் பக்கத்தில் பறையும் சட்டி மேளமும் இருந்தன. கிதார் குழுவின் ஒலி எஞ்சினியருக்கு அது புதுப் பாடம்தான். பறைக்கு வால்யூம் திருகு கிடையாது.

கிதாரைச் சீர்செய்பவரின் கடை ஆலந்தூர்ப் பக்கம் ஒரு சந்தில். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்கு இணையாகக் கழுத்தை இழுக்கின்றன. அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி. மழைக்காலம் வந்தால் மரம் ஈரத்தைக் குடித்து அசைய, அவர் ஆலன் சாவியால் கால் சுற்று திருகி, கண்ணைச் சுருக்கிக் கழுத்து நெடுகப் பார்க்கிறார். "கால் சுத்துக்கு மேல ஒரே நாள்ல திருகாதீங்க தம்பி, மரத்துக்கு டைம் குடுங்க." அவர் மடியில் கிடந்த கிதாரின் விரல்பலகை ஈட்டி மரம். தென்னிந்தியக் காடுகளின் மரம் வெளிநாட்டில் கிதாராகி விலைகூடித் திரும்பிவருகிறது. 2017 முதல் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் கேட்டார்கள்; 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

மழை என்றால் இங்கே ஈரப்பதம் மட்டுமில்லை. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரித் தெருக்களில் வெள்ளம் நின்றது. தரைத்தளத்தில் நண்பர்கள் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றார் டிரம்மர். மூன்றாம் மாடி வாடகை கூடுதல்தான். அதையும் கருவிச் செலவில் எழுதிவிட்டார்கள்.

முதல் சம்பளத்தில் கிதார் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், கடைக்குப் போகுமுன், அந்த ரீங்காரத்தை நினைத்து, ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.